பச்சிளங் குழந்தையின் இருதயமும் பொய்க் கட்டிகளும்

பிறந்து இரண்டு நாட்களே ஆன ஒரு குழந்தை. பால் குடிக்கின்றது; பசித்தால் அழுகின்றது; வயிறு நிறைந்தால் உறங்குகின்றது. வீட்டுக்கு அனுப்புமுன் ஒரு முறை பரிசோதிக்க வந்த வைத்தியரின் செவியில், இருதயத் துடிப்போடு மெல்லிய இரைச்சல் ஒன்றும் கேட்கின்றது. பிறந்த முதல் நாட்களில் இத்தகைய இரைச்சல் பல குழந்தைகளிடம் கேட்பதும், பின்னர் அது தானாகவே மறைவதும் உண்டு. ஆயினும் ஐயம் அறுதல் நன்று எனக் கருதி, 'எக்கோ' என்று வழங்கும் ஒலிப் பரிசோதனைக்குக் குழந்தை அனுப்பப்படுகின்றது. கருவியின் திரையில் இருதயத்தின் நான்கு அறைகளும் தோன்றுகின்றன. வலப்புற மேலறையினுள் வெண்மையான ஏதோ ஒன்று அசைந்தாடுகின்றது. அது என்ன?

இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையிலே அந்தக் குடும்பத்தின் அமைதி முழுவதும் தங்கியிருக்கின்றது. 'கட்டி' என்ற ஒரு சொல் போதும். தாயின் உறக்கம் போய்விடும். 'உறைந்த இரத்தம்' என்று முடிவு செய்யப்பட்டால், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து கொடுக்கப்படலாம். பிறந்து சில நாட்களே ஆன குழந்தைக்கு அம் மருந்தினால் இரத்தக் கசிவு நேரும் அபாயம் உண்டு. சத்திரசிகிச்சை பற்றிய பேச்சும் எழலாம். ஆனால், குழந்தைகளின் இருதயத்திலே தோன்றும் உண்மையான கட்டிகள் மிக அரியவை. கட்டியெனத் திரையிற் காணப்படும் பொருள், ஆராய்ந்து பார்க்குமிடத்து, இருதயத்தின் சொந்தப் பகுதிகளுள் ஒன்றாகவே இருப்பது பல தடவைகளிற் கண்ட உண்மை. இவற்றையே வைத்திய நூலார் பொய்க் கட்டிகள் என்கின்றனர்.

இருதயத்தினுள்ளே இத்தகைய மடிப்புகளும் இழைகளும் இருப்பதேன்? இதனை அறியக் குழந்தை தாயின் வயிற்றில் இருந்த காலத்துக்குச் செல்ல வேண்டும். கரு உருவாகி மூன்றாம் வாரத்தில் இருதயம் ஒரு சிறு குழாயாகவே தோன்றுகின்றது. நான்காம் வாரத் தொடக்கத்திலே துடிக்கத் தொடங்கிவிடுகின்றது. அக்குழாய் வளைந்து, மடிந்து, சுவர்கள் எழுந்து, எட்டாம் வார முடிவில் நான்கு அறைகளுடைய இருதயமாகிவிடுகின்றது. வீடு கட்டி முடிந்த பின்பும் சுவரோரத்தில் சாரத்தின் சில கம்புகள் எஞ்சி நிற்பதுபோல, இந்தப் பெரும் வேலையின் எச்சங்கள் சில இருதயத்தினுள்ளே நின்றுவிடுகின்றன. சிலரில் அவை முற்றாக மறையும். சிலரில் சிறிதளவு இருக்கும். சிலரில் நன்கு புலப்படும் அளவுக்கு நீண்டிருக்கும். மூவகையும் நோயற்ற நிலைகளே.

அவற்றுள் முதலாவது, வலப்புற மேலறையிலே, உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் கீழ்ப் பெருநாளத்தின் வாயிலில் அமைந்துள்ள மெல்லிய இதழ். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய உடற்கூற்று அறிஞர் பார்த்தொலொமேயோ யூஸ்தாக்கியின் பெயரால் இது யூஸ்தாக்கி வால்வு எனப்படுகின்றது. 1574இல் இறந்த அவ்வறிஞர் ஆக்குவித்த உடற்கூற்றுப் படங்கள் 1714ஆம் ஆண்டிலேதான் அச்சேறி வெளிவந்தன என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

கருவிலிருக்கும் குழந்தைக்கு இந்த இதழ் பெரும் பணி புரிகின்றது. அப்போது நுரையீரல்கள் வேலை செய்வதில்லை. பிராணவாயு தாயின் இரத்தத்திலிருந்து நச்சுக்கொடி வழியாக வருகின்றது. அவ்வாறு வரும் நல்ல இரத்தம் கீழ்ப் பெருநாளத்தின் மூலம் வலப்புற மேலறையை அடைகின்றது. அது நுரையீரலுக்குச் செல்லாமல், இரு மேலறைகளுக்கும் இடையிலுள்ள சுவரின் நீள்வட்டத் துவாரத்தின் வழியே இடப்புறம் பாய்ந்து, மூளைக்கும் இருதயத் தசைக்கும் போதல் வேண்டும். வாய்க்காலிலே மடையை மாற்றி நீரைத் திருப்பும் உழவனைப்போல, யூஸ்தாக்கி வால்வு அந்த இரத்தத்தைத் துவாரத்தை நோக்கித் திருப்பிவிடுகின்றது. குழந்தை பிறந்து முதன்முறையாக மூச்சு விட்டதும் இந்தப் பணி முடிவடைகின்றது. ஆனால், பணி முடிந்த மறுநாளே இதழ் மறைந்துவிடுவதில்லை. ஆகவே பிறந்த குழந்தையின் இருதயத்திலே அது நீண்டும் அசைந்தும் தோன்றுவதில் வியப்பில்லை.

இதே எச்சம் சிலரில் துளைகள் பல கொண்ட மெல்லிய வலைபோல அமைவதுண்டு. 1897ஆம் ஆண்டில் ஒஸ்திரிய நோய்க்குறியியல் அறிஞர் ஹான்ஸ் கியாரி இதனை விரிவாக எடுத்துரைத்தார். எனவே இது கியாரி வலை எனப் பெயர் பெற்றது. நூறு இருதயங்களை ஆராய்ந்தால் ஏறத்தாழ இரண்டு அல்லது மூன்றில் இது காணப்படும். இருதயத் துடிப்புக்கேற்ப மேலறையினுள்ளே சாட்டை போல வீசி ஆடுவது இதன் இயல்பு. அந்த ஆட்டமே பார்ப்பவரை மருட்டுவது. அறுந்த வால்வோ, அலையும் இரத்தக் கட்டியோ, கிருமிகள் திரண்ட திரளோ என்னும் ஐயத்தை அது எழுப்பிவிடும்.

வலப்புற மேலறையின் உட்சுவரிலே மேலிருந்து கீழாகச் செல்லும் தசை வரம்பு ஒன்றும் உண்டு. கருவின் ஆதிக் குழாயிலிருந்து வந்த வழுவழுப்பான பகுதிக்கும், தசைக் கோடுகள் நிறைந்த பகுதிக்கும் இடையிலுள்ள எல்லை வரம்பு அது. சிலரில் அது தடித்திருக்கும். ஒலிக் கற்றை அதனைக் குறுக்கே வெட்டினால், திரையில் நீண்ட வரம்பு தோன்றாது. உருண்டையான ஒரு திரளே தோன்றும். வாழைத்தண்டைக் குறுக்கே வெட்டிய துண்டை மட்டும் கண்டவன், அது நெடிய தண்டின் ஒரு பகுதி என்று எவ்வாறு அறிவான்? கருவியைத் திருப்பி நீளவாட்டிற் பார்த்தவுடன் உருண்டை மறைந்து வரம்பு வெளிப்படும்.

இரு மேலறைகளுக்கும் இடையிலுள்ள நீள்வட்டத் துவாரத்தை மூடும் மென்சவ்வும் சில குழந்தைகளில் தளர்வாக இருப்பதுண்டு. காற்றுப்பட்ட பாய்போல அது ஒருபுறம் புடைக்கும்பொழுது நீர்க்கட்டி போலத் தோற்றும். வளர்ந்த மனிதரில்கூட நூற்றுக்கு ஏறத்தாழ இருபத்தைந்து பேரில் இத்துவாரம் முற்றாக ஒட்டாமல் இருக்கின்றது. அவர்களுட் பெரும்பாலோர் அதனை அறியாமலே முதுமை எய்துகின்றனர்.

இனி, கீழறைகளிலும் இத்தகைய அமைப்புகள் உண்டு. வலப்புறக் கீழறையிலே நடுச்சுவரிலிருந்து எதிர்ப்புறத் தசைத்தூணுக்குச் செல்லும் தடித்த தசைப் பட்டை ஒன்று இருக்கின்றது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லியனார்டோ டா வின்சி தமது உடற்கூற்று ஓவியங்களில் இதனை வரைந்திருக்கின்றார். அறை மிகைபட விரியாமல் இழுத்துப் பிடிப்பது இதுவே எனப் பின்வந்தோர் கருதியதால், 'கட்டுப்படுத்தும் பட்டை' என்ற பொருளுடைய பெயர் இதற்கு இடப்பட்டது. உண்மையில், துடிப்பைத் தூண்டும் மின்விசையின் ஒரு கிளை இதன் வழியாகவே செல்கின்றது. நோயெனக் கருதப்படக்கூடிய இப்பட்டை, இருதயத்துக்கு வேண்டிய ஓர் உறுப்பு என்பது கவனிக்கத்தக்கது. இடப்புறக் கீழறையிலும் சுவருக்குச் சுவர் குறுக்கே ஓடும் மெல்லிய நாண்கள் பலரிடம் உண்டு. வால்வுகளோடு தொடர்பற்றவை ஆதலால் அவை பொய் நாண்கள் எனப்படும். சில வேளைகளில் அவற்றின் அதிர்வே தீங்கற்ற இரைச்சலுக்குக் காரணமாகலாம்.

இவ்வமைப்புகள் உடலறுவை செய்த அறிஞர்களுக்குப் பல காலமாகத் தெரிந்தவை. அவ்வாறாயின் மயக்கம் எங்கிருந்து வந்தது? உயிருள்ள இருதயத்தை, நெஞ்சைத் திறவாமலே பார்க்கும் வழி பிறந்தபோது மயக்கமும் உடன் பிறந்தது. சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்னும் இருதய வைத்தியரும், ஹெல்முத் ஹேர்ட்ஸ் என்னும் பௌதிக அறிஞரும் 1953ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் செவிக்குப் புலப்படாத ஒலியினால் இருதயத்தின் அசைவை முதன்முறையாகப் பதிவு செய்தனர். முதலில் அவர்கள் சோதித்துப் பார்த்த கருவி, மல்மோ நகரின் கப்பல் கட்டும் தளத்திலே உலோகத்தின் பழுதுகளைக் கண்டறியப் பயன்பட்டு வந்தது. அவர்கள் கண்ட எதிரொலிகளுள் ஒன்று மிக விரைவாக அசைந்தது. அது இடது மேலறையின் சுவர் என்றே எட்லர் கருதினார். பின்னர் செய்த ஆராய்ச்சியால், அது இருகூர் வால்வின் முன்னிதழ் என்பது தெளிவாயிற்று. இக்கலையின் தந்தையருக்கே தொடக்கத்தில் ஓர் இயல்பான உறுப்பு வேறொன்றாகத் தோன்றியதெனில், பிறரைக் குறை கூறுவதற்கு இடமில்லை.

பச்சிளங் குழந்தையின் இருதயமோ அதன் கைப்பிடியளவே உள்ளது; நிமிடத்துக்கு 120 முதல் 160 வரை துடிப்பது. அதனை ஒலியால் அறுத்த மெல்லிய தளங்களாகவே கருவி காட்டுகின்றது. கருவி காட்டுவது நிழலுருவத்தை மட்டுமே. அதற்குப் பெயரிடுபவர் மனிதர்.

அவ்வாறு பெயரிடுவதில் நேர்ந்த பிழைக்கு வைத்திய உலகமே ஒரு நினைவுச் சின்னம் நாட்டியிருக்கின்றது. இடது மேலறையில், நுரையீரலிலிருந்து வரும் நாளத்தின் வாயிலுக்கும் அறையின் காது போன்ற பைக்கும் இடையே இயற்கையாகவே ஒரு வரம்பு உண்டு. அதனை உறைந்த இரத்தமெனப் பிழையாகக் கருதி, நோயாளருக்கு 'கௌமடின்' என்ற உறைவுத் தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டது. பிழை தெரிந்த பின்னர், அவ்வரம்புக்குக் 'கௌமடின் வரம்பு' என்ற பெயரே நிலைத்துவிட்டது. பிழையை மறைக்காமல் அதனையே பெயராக்கி, அடுத்த தலைமுறை மாணவர்களுக்கு எச்சரிக்கையாக விட்டமை பாராட்டுதற்குரியது.

எனினும், எல்லாப் பிழைகளும் இவ்வளவு எளிதாகத் தீர்ந்துவிடவில்லை. இருதயத்துக்கு முன்னே, நெஞ்செலும்பின் பின்புறத்தில் தைமஸ் என்னும் சுரப்பி ஒன்று உண்டு. நோயை எதிர்க்கும் வெண்கலங்களுட் சில அங்கே பக்குவமடைகின்றன. உடலின் அளவோடு ஒப்பிட்டால், குழந்தைப் பருவத்திலேயே அது மிகப் பெரிதாக இருக்கும். எக்ஸ் கதிர்ப் படத்திலே இருதயத்தின் நிழலோடு கலந்து, சில வேளைகளில் தோணியின் பாய் போல விரிந்து, இருதயமே வீங்கிவிட்டதோ, நெஞ்சிலே கட்டி வளர்ந்துவிட்டதோ என மயங்க வைக்கும்.

1889இல் வியன்னா நகரின் ஆர்ணோல்ட் பல்தவுப் என்பவர், திடீரென இறந்த சிலரின் உடலிலே தைமஸ் பெருத்திருப்பதைக் கண்டு, அதனை ஓர் உடற்கேடாக வகுத்தார். காரணமின்றி இறக்கும் குழந்தைகளின் மரணத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டதாகப் பலரும் நம்பினர். 1907இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் அல்பிரட் பிரீட்லாந்தர், அச்சுரப்பியைச் சுருக்குவதற்கு எக்ஸ் கதிரைப் பயன்படுத்தினார். சுரப்பி சுருங்கியது, முறையும் பரவியது. பின்வந்த ஆண்டுகளில் நோயற்ற குழந்தைகள் பலர், வருமுன் காக்கும் நோக்கத்தோடு, அக்கதிருக்கு உட்படுத்தப்பட்டனர்.

பிழை எங்கே நேர்ந்தது? தைமஸின் இயல்பான அளவு இதுவென நூல்கள் கூறியதிலேயே நேர்ந்தது. உடற்கூற்று அறிஞர்களிடம் வந்து சேர்ந்த உடல்கள் பெரும்பாலும் வறியோருடையவை. பட்டினியாலும் நெடுநாள் நோயாலும் மெலிந்து மாண்டவை. நோயும் பட்டினியும் தைமஸைச் சுருக்கிவிடும். அவ்வாறு சுருங்கிய சுரப்பியே இயல்பானது என நூல்களில் எழுதப்பட்டது. ஆகவே, நல்ல ஊட்டத்தோடு வாழ்ந்து திடீரென இறந்த குழந்தையின் இயல்பான தைமஸ், நோயுற்றதாகக் காட்சியளித்தது. 1931இல் பிரித்தானியாவில் இதனை ஆராய்ந்த குழு, இப்படியொரு நோய் உண்டென்பதற்கு ஆதாரமில்லை என முடிவு கூறியது. 1950இல் அமெரிக்காவின் டபி, பிற்ஸ்ஜெரால்ட் என்னும் இருவர், தைரொயிட் சுரப்பியிற் புற்றுநோய் கண்ட சிறுவர்களை ஆராய்ந்து, அவர்களுட் பலர் குழந்தைப் பருவத்திலே தைமஸுக்காகக் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்கள் என்பதை வெளியிட்டனர். இல்லாத நோய்க்குச் செய்த வைத்தியம் உள்ள நோயை உண்டாக்கிவிட்டது.

இதனால், இருதயத்திற் காண்பன யாவும் தீங்கற்றவை என்று எண்ணிவிடுதலும் தவறு. உண்மைக் கட்டிகளும் உண்டு. குழந்தைகளில் அவற்றுள் முதன்மையானது இருதயத் தசையிலிருந்தே எழும் றப்டோமயோமா என்பது. பெரும்பாலும் கீழறைகளிலே, ஒன்றுக்கு மேற்பட்டதாகத் தோன்றும். மூளை, தோல், சிறுநீரகம் ஆகியவற்றையும் பாதிக்கும் ஒரு பரம்பரை நோயின் முதல் அறிகுறியாகவும் அமையலாம். ஆயினும் இரத்த ஓட்டத்தை அடைக்காதவிடத்து, அது தானாகவே சுருங்குவது பெரும்பான்மை. கொப்பூழ் நாளத்தின் வழியே மெல்லிய குழாய் செலுத்திச் சிகிச்சை பெற்ற குழந்தைகளில், அக்குழாயின் முனையில் இரத்தம் உறைவதும் உண்மையான அபாயமே. யூஸ்தாக்கி வால்வு அளவுக்கு மீறி வளர்ந்து மேலறையையே இரண்டாகப் பிரித்து இரத்தத்தைத் தடுப்பதும் அருமையாக நிகழும். உண்மையைப் பொய்யென்று தள்ளுவதும், பொய்யை உண்மையென்று கொள்ளுவதும் குழந்தைக்கு ஒரேயளவு கேடு.

எனவே தேர்ந்த வைத்தியர் சில கேள்விகளை முறையாகக் கேட்கின்றார். அப்பொருள் எந்த இடத்தில் உள்ளது? இயற்கை வரம்போ இதழோ இருக்கவேண்டிய இடத்திலா, வேறிடத்திலா? சுவரோடு எங்கே, எவ்வாறு இணைந்திருக்கின்றது? பல கோணங்களிலும் அதே உருவத்தோடு தோன்றுகின்றதா, கோணம் மாறும்போது இழையாகவும் வரம்பாகவும் மாறுகின்றதா? அயலிலுள்ள தசையின் ஒளியே அதற்கும் உண்டா? முக்கூர் வால்வின் வாயிலையோ வேறு வழியையோ அடைக்கின்றதா? இறுதியாக, குழந்தையின் நிலை என்ன? காய்ச்சல் உண்டா, குழாய் ஏற்றப்பட்டதா, பால் குடிக்கையில் மூச்சிரைக்கின்றதா, நிறம் மாறுகின்றதா? இவற்றுக்குப் பின்னும் தெளிவு பிறக்காவிடின், சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்ப்பதுண்டு. தேவையேற்படின் காந்தப் படமும் எடுப்பதுண்டு. பழைய படமும் புதிய படமும் பக்கத்திற் பக்கம் வைக்கப்படும்பொழுது, வளரும் பொருள் எது, வாளாவிருக்கும் பொருள் எது என்பது தெரிந்துவிடும்.

பெற்றோர் செய்யத்தக்கது யாது? குழந்தையின் இருதயத்தில் ஏதோ தெரிகின்றது என்று கூறப்பட்டவுடன் மனமுடைந்துவிட வேண்டியதில்லை. வைத்தியசாலைக்குப் போவதை விட்டுவிடவும் கூடாது. குழந்தைகளின் இருதயத்திற் பயின்ற வைத்தியர் படத்தைப் பார்த்தாரா, அது இயல்பான அமைப்பாக இருக்குமா, மீண்டும் எப்போது பார்க்க வேண்டும் என்று அமைதியாகக் கேட்கலாம். இயல்பான அமைப்பு என முடிவானால், அதனை எழுத்தில் பெற்றுக் குழந்தையின் ஏனைய பத்திரங்களோடு வைத்துக்கொள்வது நன்று. பிற்காலத்தில் வேறொரு வைத்தியர் பார்க்கும்பொழுது, பழைய ஐயம் புதிதாக எழாமல் அது காக்கும்.

தொடக்கத்திற் கூறிய குழந்தையின் திரையை மீண்டும் நோக்குவோமாக. வைத்தியர் கருவியை மெல்லத் திருப்புகின்றார். வெண்மையான அந்தப் பொருள் கீழ்ப் பெருநாளத்தின் வாயிலிலிருந்து எழுந்து, மேலறைச் சுவரை நோக்கிச் சாய்ந்தாடும் மெல்லிய இதழாகத் தெரிகின்றது. வால்வுகள் செவ்வனே திறந்து மூடுகின்றன. இரத்தம் தடையின்றி ஓடுகின்றது. தாயின் வயிற்றிலே பல மாதங்கள் நல்ல இரத்தத்தைக் குழந்தையின் மூளைக்குத் திருப்பிவிட்ட யூஸ்தாக்கி வால்வே அது. குழந்தைக்கு மருந்து வேண்டியதில்லை. தாய் அதனை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் புறப்படலாம்.